தொண்ணூறு அடி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குக் கதை எழுத வராது. நான் பூகோள வாத்தியார். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதியிருக்கிறேன். அதில் பருவக்காற்றுப் பாடத்தைப் படித்த ஒரு தலைமையாசிரியர், 'மழையைப் பற்றி இவ்வளவு வறட்சியாக எழுத ஒரு திறமை வேண்டும்' என்று எனக்குக் கடிதம் போட்டார். அந்தத் திறமைசாலிதான் இப்போது, 1967ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காபி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு கதை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கதை பிறந்தது ஒரு வரைபடத்திலிருந்து. சென்னையில் எங்கள் கல்லூரியின் பூகோளத் துறையில் பழைய அலமாரி ஒன்றை ஒழித்தபோது, சுருட்டி நாடா கட்டிய ட்ரேசிங் துணி ஒன்று அகப்பட்டது. விரித்தேன். 'கொன்றைவயல்: கண்மாயும் நிலப் பயன்பாடும், 1962' என்று தலைப்பு. வரைந்தவர் அ. வியாகுலமேரி, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நெல் பச்சை, கடலை மஞ்சள், முந்திரி பழுப்பு, கண்மாய் நீலம். வர்ணம் ஓரிடத்தில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அந்த நீலத்துக்குள்ளே, மேற்கு ஓரத்தில், பதினெட்டுச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் இருந்தன.

எங்கள் தொழிலில் கறுப்புச் சதுரம் என்றால் வீடு, நீலம் என்றால் தண்ணீர். தண்ணீருக்குள் பதினெட்டு வீடு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கதை. கொன்றைவயல் என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை எழுதத் தைரியம் போதவில்லை.

(மேலே உள்ளவற்றில் ஒரு பொய் இருக்கிறது. எழுதும்போதே கை கூசியது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.)

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள் மூன்று மேஜைமேல் கிடக்கின்றன. கிழித்துப்போட மனமில்லை.

'பொங்கல் முடிந்த நாலாம் நாள், வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் ஓரிடத்தில் பஸ் நின்றது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். அவளோடு நூறடி இரும்புச் சங்கிலி ஒன்றும் இறங்கியது. அதைப் பார்த்த கண்டக்டர், "யானை எங்கம்மா, பின்னாடி பஸ்ல வருதா?" என்று'

வேண்டாம். கேலியில் ஆரம்பித்தால், பின்னால் வரப்போவதை இந்தக் கதை தாங்காது.

'ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் முந்திக்கொண்டவை. ஆயினும் ஆசிரியப் பயிற்சியைத் தாண்டி எம்.ஏ. வரை, அதிலும் வெயிலில் அலைய வேண்டிய பூகோளத்துக்கு ஒரு பெண்ணை அனுப்புவது என்பது'

இது கட்டுரை. பாடப்புத்தகப் புத்தி எட்டிப் பார்க்கிறது. மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன்.

"இழுங்கண்ணே" என்றாள் வியாகுலமேரி.

கண்மாய்க் கரையில் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த ராக்கன் இழுக்கவில்லை. நாற்பது வயது ஆள், கீழத்தெருக்காரர். சங்கிலி பிடிக்க அவரைத்தான் ஊரில் அமர்த்திக் கொடுத்திருந்தார்கள். அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"என்னையவா ஆத்தா அண்ணேன்னீங்க?"

"வேற யாரு இருக்கா இங்கிட்டு?"

"யாரு காதுலயாச்சும் விழுந்தா எனக்கு வம்புங்க. ராக்கான்னே கூப்புடுங்க."

"ஒங்க வயசு என்ன, என் வயசு என்ன? சங்கிலி தொய்யுது பாருங்க. இழுங்கண்ணே."

ராக்கன் இழுத்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. மத்தியானம் வேலை நின்றபோது அவளைத் தன் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போனார். அவர் மனைவி காத்தாயி புதுப்பானைத் தண்ணீரைக் கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நிற்க, வியாகுலமேரியே செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். அந்த வாசல் காய்ந்து கெட்டியாக இருந்தது. அவள் காலைப் பரப்பிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாள். இதை வாசகர் மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் அவளே மறந்துபோனாள்.

3

அவள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். வறட்சியாகத்தான் இருக்கும், ஆனால் கொஞ்சம்தான்.

கண்மாயில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்குமோ அந்த விளிம்பைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். வளைவு வரும் இடத்திலெல்லாம் ஒரு முளைக்குச்சி அடிக்க வேண்டும். ஒரு முளையில் நின்று அடுத்த முளை எந்தத் திசையில் இருக்கிறது என்று காம்பஸில் பார்த்துக் குறிக்க வேண்டும், தூரத்தைச் சங்கிலியால் அளக்க வேண்டும். இப்படிக் கண்மாயை முழுக்கச் சுற்றி, புறப்பட்ட முளைக்கே திரும்பி வந்து சேர வேண்டும். பிறகு அதே திசைகளையும் தூரங்களையும் காகிதத்தில் போட்டால், காகிதத்திலும் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சேரவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

காம்பஸ் முள் காந்தம். பக்கத்தில் இரும்பு இருந்தால் அது வடக்கை விட்டுவிட்டு இரும்பின் பக்கம் சாயும். ஆகவே காம்பஸ் பார்க்கும்போது சங்கிலியைத் தள்ளிப் போட வேண்டும். இடுப்புச் சாவி, பேனாக்கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். பையன்களுக்கு இதைத் துறையில் நூறு தடவை சொல்லிக் கொடுப்பார்கள். வகுப்பில் இருந்த ஒரே பெண்ணிடம் கழுத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்க, சொல்லிக் கொடுத்தவருக்குக் கூச்சம்.

அவள் கழுத்தில் என்ன இருந்தது? இங்கே நான் பார்க்காத ஒரு காட்சியைக் கற்பனையில் எழுத வேண்டியிருக்கிறது. இன்னாசியம்மாளை, அதாவது வியாகுலமேரியின் அம்மாவை, நான் கண்டதில்லை.

"இந்தா, இதப் போட்டுக்க. கழட்டவே கூடாது" என்றாள் இன்னாசியம்மாள். ஜெபமாலை ஒன்று. அதன் நுனியில் விரல் நீளத்துக்குக் கறுத்த சிலுவை தொங்கியது.

"இது என்னம்மா இவ்வளவு கனமா இருக்கு?"

"மாட்டு லாடம். ஆசாரிகிட்டக் குடுத்து அடிச்சுச் சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்கிருக்கேன். கம்மாக்கரையில உச்சிப்பொழுதுல ஒண்டியா நிப்ப. அங்கன உள்ள பேய்க்குச் சிலுவையப் பத்தித் தெரியுமோ தெரியாதோ. இரும்புக்குப் பயப்படும்ல."

"நான் படிச்ச பிள்ளைம்மா."

"படிச்ச பிள்ளைதான், யாரு இல்லேன்னா? போட்டுக்க."

ஆவூர்ப் பக்கத்தில் இப்படி இரும்பில் சிலுவை அடிக்கும் வழக்கம் எத்தனை வீட்டில் உண்டு என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வீட்டில் இருந்தது. அதை அவள் ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். துறையில் யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்ற வெட்கம். ரெண்டே நாளில் அது உடம்போடு உடம்பாகிப்போய், அங்கே இருக்கிறது என்ற நினைவே போய்விட்டது. காம்பஸின்மேல் அவள் குனியும்போதெல்லாம் மாட்டு லாடம் அதற்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

4

முப்பத்தோரு முளை. பதினோரு நாள். பஞ்சாயத்துத் தலைவர் சோலையப்பன் வீட்டு மச்சில் அவள் தங்கியிருந்தாள். அங்கே உட்கார்ந்து ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் காகிதத்தில் போட்டாள். கடைசிக் கோடு முதல் முளைக்கு வந்து சேரவில்லை. தொண்ணூறு அடி தள்ளி, மேற்கே போய் நின்றது.

தொண்ணூறு அடி! அத்தனை பெரிய பிழை வரக் கூடாது. பத்தடி, பதினைந்தடி என்றால் பரவாயில்லை. கூட்டல் கழித்தலை மூன்று தடவை சரிபார்த்தாள். சங்கிலியை மறுபடி அளந்து பார்த்தாள். எல்லாம் சரி. மறுபடி முதலிலிருந்து அளக்கட்டுமா என்று கேட்டுத் துறைக்குக் கார்டு போட்டாள். ஆறாம் நாள் பதில் கார்டு வந்தது: 'மறு அளவைக்கு நேரமில்லை. பிழையை எல்லா முளைகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடவும்.'

இப்படி ஒரு முறை உண்டு, சத்தியமாக உண்டு. சின்னப் பிழையாக இருந்தால் ஒவ்வொரு முளையையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, கோட்டை வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடலாம். பிழை போகாது. யார் கண்ணிலும் படாமல் ஊர் முழுக்கப் பரவி உட்கார்ந்துகொள்ளும்.

அவள் பகிர்ந்து கொடுத்தாள். கோடு சேர்ந்தது. அந்தக் கண்மாயை எடுத்துப் பழைய கிராமப் படத்தின்மேல் வைத்தாள். வீடுகளை அவள் அளக்கவில்லை. அவை பழைய படத்தில் இருந்தன. வைத்துப் பார்த்தபோது கண்மாயின் மேற்கு விளிம்பு கீழத்தெருவைத் தாண்டிப் போயிருந்தது. பதினெட்டு வீடும் தண்ணீருக்குள்.

இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவள் அல்லவா? காய்ந்த மண்ணைக் காலால் தொட்டவள் அல்லவா? 'இது எப்படி' என்று பென்சிலைக் கீழே போட்டிருக்க வேண்டாமா? நான் அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அது பொய்யாக வந்தது. உண்மையில் அவள் பென்சிலைப் போடவில்லை. சந்தோஷப்பட்டாள். எம்.ஏ. ஆய்வுக்கு ஒரு கண்டுபிடிப்பு வேண்டும், இதோ கிடைத்துவிட்டது. 'நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். தன் கால் சொன்னதை விடக் காகிதம் சொன்னதை அவள் நம்பினாள். ஆறு வருஷம் அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

புறப்படும் அன்று சோலையப்பன் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வியந்துபோனார்.

"நம்ம கம்மாயா பாப்பா இது? அடேயப்பா! இதென்ன, கறுப்பாக் கட்டம் கட்டமா?"

"கீழத்தெரு வீடுங்கய்யா."

"தண்ணிக்குள்ளல்ல கெடக்கு?"

"ஆமாங்கய்யா. ஆக்கிரமிப்பு."

அந்த வார்த்தையை அந்த ஊரில் முதலில் சொன்னது அவள்தான். சோலையப்பன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழத்தெரு இருந்த, ரோட்டை ஒட்டிய அந்த மேட்டில் முந்திரி வைக்க அவருக்கு வெகுநாளாக ஆசை.

"எனக்கு ஒரு காப்பி போட்டு அனுப்புவியா பாப்பா? சட்டம் போட்டு மாட்டணும்."

மூணு வாரம் சோறு போட்ட வீடு. அவர் மனைவி சொர்ணவல்லி அவளைப் பெற்ற மகள்போலப் பார்த்துக்கொண்டாள். சென்னை போனதும் வியாகுலமேரி இரண்டு நாள் உட்கார்ந்து, வர்ணம் தீட்டி, துறை முத்திரை வாங்கி, சரிபார்த்ததாகக் கையெழுத்தும் வாங்கி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி வைத்தாள்.

5

(இந்தப் பகுதியை இதுவரை ஏழு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் என்ற சொல் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.)

ஜூன் மாதம், கோடைப் பயிரைக் குறித்துக்கொண்டு போக அவள் மறுபடி கொன்றைவயல் வந்தாள். ஜூலையில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு, எங்கள் பேச்சில் வைவா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ராக்கனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கீழத்தெருப் பக்கம் நடந்தாள். காத்தாயிக்குக் கொடுக்கப் பையில் ஒரு பொட்டலம் மிக்சர் இருந்தது.

பதினெட்டு வீட்டுக் கதவிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. கண்மாய் நீர்ப்பிடிப்பை ஆக்கிரமித்துக் கட்டப்பட்ட குடியிருப்புகளை ஏழு நாளுக்குள் காலி செய்ய வேண்டும். ஆதாரம்: இணைக்கப்பட்ட வரைபடம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். படித்ததையே மறுபடி படித்தாள். இணைக்கப்பட்ட வரைபடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டம் போட்டு மாட்டச் சோலையப்பன் கேட்டு வாங்கிய காப்பி தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தது.

காத்தாயி வெளியே வந்தாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "வந்துருக்கு" என்று மட்டும் சொன்னாள். ராக்கன் வந்தார். அவர் திட்டுவார் என்று வியாகுலமேரி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆத்தா, வாங்க. நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "பெருமழ பேஞ்ச வருசங்கூடத் தண்ணி எங்க வாசலுக்கு வந்ததில்ல. இப்ப நாங்க தண்ணிக்குள்ள இருக்கம்னு படம் சொல்லுதாம். நீங்க படிச்சவுங்க, தப்பாப் போட மாட்டீங்க. சங்கிலி புடிச்சது நாந்தான. எங்கன தப்பாப் புடிச்சேன்னு மட்டும் சொல்லிருங்க."

அவள் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெருவே என்னையக் கேக்குது ஆத்தா. ஒரு முளையில தொய்வா விட்டேன், அதானா?"

தன் வீட்டைத் தானே தண்ணீரில் தள்ளிவிட்டோம் என்று அந்த மனிதர் நாலு நாளாக நம்பிக்கொண்டிருந்தார். எழுதுகிற எனக்கே இந்த இடத்தில் எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. அதிர்ச்சி என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில் நிலநடுக்கத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

"நீங்க தப்பாப் புடிக்கலண்ணே" என்றாள் வியாகுலமேரி. "வாங்க. மறுபடி அளப்போம்."

6

காம்பஸ் கையில் இருந்தது. மேற்குக் கரையில் ஒரு முளையில் நின்று பார்த்தாள். குறிப்பேட்டில் இருநூற்று நாற்பத்தேழு டிகிரி. இப்போதும் இருநூற்று நாற்பத்தேழு. அடுத்த முளை, அதுவும் பழையபடியே. ஐந்து முளை பார்த்தாயிற்று. ஒன்றும் மாறவில்லை. தப்பே இல்லை என்றால் படம் சரி. படம் சரி என்றால் வீடு போகும்.

காம்பஸை மதகுக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவள் முழங்காலிட்டாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, சிலுவையைக் கல்லின்மேல் வைத்துக் கண்ணை மூடப்போனாள். காம்பஸ் முள் ஆடியது. ஆடி, வடக்கை விட்டுவிட்டு, சிலுவையின் பக்கமாகத் திரும்பி நின்றது.

அவள் ஜெபமாலையைத் தள்ளினாள். முள் வடக்கே போனது. கிட்டே கொண்டு வந்தாள். திரும்பி வந்தது. ஐந்தாறு தடவை இப்படிச் செய்தாள். பிறகு அதைக் கழற்றி இருபதடி தள்ளி மண்ணில் வைத்துவிட்டு வந்து, அதே முளையைப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்து நாலு.

"அம்மா" என்றாள். யாரை அழைத்தாள் என்று தெரியவில்லை. பெற்றவளாகவும் இருக்கலாம், மாதாவாகவும் இருக்கலாம்.

ராக்கனுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. மண்ணில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"அப்ப என் சங்கிலி இல்லியே?"

"இல்லண்ணே."

"போதும்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. வீடு இன்னும் போகத்தான் போகிறது, ஆனால் அவர் அந்த ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தார்.

இனி என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் எந்த அலமாரியிலும் கிடைக்கவில்லை. ஐந்து வருஷமாக என் மேஜை இழுப்பறையில், பூட்டி, என்னிடமே இருக்கிறது. அவள் கழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்ட வாத்தியார் நான்தான். 'பகிர்ந்து கொடுத்துவிடவும்' என்று கார்டு எழுதியதும் நான். ஆக்கிரமிப்பு என்ற கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு 'மிக நன்று' என்று ஓரத்தில் எழுதியவனும், சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவனும் நானேதான். துறை, துறை என்று இதுவரை எழுதி வந்த இடத்திலெல்லாம் நான் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

7

தாலுகா ஆபீஸில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாசில்தாரைக் கெட்டவராக எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் அப்படி இல்லை. பொறுமையாகக் கேட்டார். காம்பஸை மேஜைமேல் வைத்து, ஜெபமாலையைக் கிட்டே கொண்டுவந்து, முள் திரும்புவதை அவருக்கும் காட்டினாள்.

"நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா" என்றார். "ஆனா ஃபைல்ல இருக்குறது படம். அதுல காலேஜ் முத்திரை இருக்கு, சரி பாத்ததுன்னு கையெழுத்து இருக்கு. போட்ட பொண்ணே வந்து தப்புங்குறா. யாரோ சொல்லிக்குடுத்து வந்துருக்கான்னு தலைவர் சொல்லுவாரு. கையெழுத்துப் போட்டாரே, அவரு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். நான் நிறுத்தி வைக்கிறேன்."

"எழுதிக் குடுப்பாருங்கய்யா" என்றாள்.

"நாலு நாள் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

எழுதிக் கொடுப்பார் என்று அவள் சொன்னபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். இதை என்னிடம் அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லும்போது இதுவும் வந்தது.

8

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். ரயில் கரி முகத்தில் அப்படியே இருந்தது. நான் எழுதிய கார்டையும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். மிரட்டுவதற்கு இல்லை, எனக்கு ஞாபகம் வரட்டும் என்று.

"சார், ஒரு வரி போதும். அளவையில் பிழை இருக்கிறது, படத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்."

அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம். தொண்ணூறு அடிப் பிழையைக் கார்டில் மூடச் சொன்னவன் என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அது காரணம், அவ்வளவுதான்.

"முதல்ல வைவா முடியட்டும்மா" என்றேன். "ரெண்டு வாரம். இப்ப இதக் கிளப்பினா ஒங்க டிகிரியும் போயிரும்."

"டிகிரி போகட்டும் சார்."

"அவசரப்படாதீங்க. அந்த வீடெல்லாம் ஓலை வீடுதான? இன்னொரு எடத்துல"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அன்றும் முடிக்கவில்லை, இன்றும் முடிக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. மூன்று வருஷம் பாடம் கேட்ட ஆளின் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கார்டைக் குடுங்க சார். அதையாவது காட்டுறேன்."

கார்டு என் கையில் இருந்தது. பேசிக்கொண்டே எடுத்திருக்கிறேன். என் கையெழுத்து, என் வார்த்தை, தேதி, தபால் முத்திரை, எல்லாம் அதில் இருந்தன. தாசில்தாருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

நான் அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

நானே இதைச் செய்தேன் என்று இப்போது எழுதிப் படித்துப் பார்க்கும்போதும் நம்ப முடியவில்லை. சாவி திரும்பிய சத்தம் கேட்டுத்தான் பூட்டினேன் என்பதே எனக்குத் தெரிந்தது. வியாகுலமேரி நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தாசில்தார் கொடுத்த நாலு நாளில் அன்றைக்கு இரண்டாவது நாள்.

9

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: தாசில்தாரே நேரில் வந்து வாசல்களில் நின்று பார்த்து, நோட்டீஸைக் கிழிக்கச் சொல்கிறார். கீழத்தெருவில் பொங்கல் வைக்கிறார்கள். இதை எழுதியபோது எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை.

இரண்டு: நாலாம் நாள் முடிந்து கடப்பாரையோடு ஆட்கள் வருகிறார்கள். ராக்கன் தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிக்கிறார், மற்றவர்கள் பிரித்தால் மூங்கில் முறிந்துவிடும் என்று. வியாகுலமேரி கூடவே நின்று ஓலையை வாங்கி அடுக்குகிறாள். பிற்பாடு அரிமளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, பிள்ளைகளுக்குப் பூகோளம் தவிர மற்ற எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள்.

மூன்று: என் கடிதம் இல்லாமலே அவர்கள் ஜெயிக்கிறார்கள். அவள் சங்கிலியை வாங்கிக்கொண்டு போய், தெரு முழுக்கத் திரண்டு வந்து முளை முளையாகப் பிடிக்க, தாலுகா சர்வேயர் கண்முன்னால் கண்மாயை மறுபடி அளக்கிறாள். காத்தாயி ஒரு முனையைப் பிடிக்கிறாள். கோடு முதல் முளைக்கே வந்து சேருகிறது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. இதில் நான் தேவைப்படவில்லை. நான் தேவைப்படாத முடிவில் என்மேல் பழியும் இல்லை. பிடித்ததற்குக் காரணம் அதுதான் என்று தெரிந்த பிறகு இதையும் அடித்துவிட்டேன்.

எனக்கு உண்மையாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஜூலை ஒன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வுக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். அவள் வரவில்லை. கடிதமும் இல்லை. என் வேலை நிரந்தரமாயிற்று. ஐந்து வருஷத்தில் நான் ரயிலேறி ஆக்ராவரைக்கும் போய் வந்திருக்கிறேன், ஆனால் கொன்றைவயலுக்குப் போகவில்லை.

ஆகையால் முடிவை நீங்கள்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். புதுக்கோட்டையில் ஆலங்குடி பஸ் ஏறுங்கள். வல்லத்திராக்கோட்டையில் இறங்கி, கொன்றைவயல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. படம் போட வந்த பொண்ணு ஊர் எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். கண்மாய்க்கு மேற்கே, ரோட்டை ஒட்டிய மேடு. முந்திரி நின்றால் திரும்பி வந்துவிடுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம். வீடுகள் இருந்தால் ராக்கன் வீடு எது என்று கேளுங்கள்.

இருந்தால், வெளியே வருவார். யார் அனுப்பியது என்று கேட்பார். கையெழுத்துப் போட்ட வாத்தியார் என்று சொல்லுங்கள். பெயர் கேட்பார். அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அதையும் மறைக்க எனக்கு உரிமை இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர்